வெள்ளரி ஊறுகாயும் கொதிநீரும்

மேலை நாட்டு இல்லங்களில் பிஞ்சு வெள்ளரிக்காயைச் சதகுப்பைத் தழையுடன் கண்ணாடிப் புட்டியில் அடுக்கி, உப்பும் வினிகரும் கலந்த சுடுநீரை ஊற்றி மூடுவார்கள். பிறகு புட்டியையே பத்துப் பதினைந்து நிமிடம் கொதிநீரில் மூழ்க வைத்து எடுப்பார்கள். ஊறுகாய் ஓராண்டு கெடாது. அதே புட்டியில் வினிகரின்றிப் பீன்ஸை அடைத்து அதேபோலச் செய்தால், அது உயிருக்கே உலை வைத்துவிடலாம். இவ்வேறுபாட்டின் காரணம் புலப்பட நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

புட்டியில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைக்கும் முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர். 1810-இல் அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. ஆனால் உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. வாயு விதியால் நாம் நன்கறிந்த கே-லூசாக், அப்புட்டிகளில் ஆக்சிஜன் இல்லாததைக் கண்டு, காற்று நீங்கியதே காரணம் என்றார். நுண்ணுயிர்களே குற்றவாளிகள் என்று பாஸ்டர் காட்டியது 1860-களில்தான். அதற்குள் 1858-இல் அமெரிக்கரான ஜான் மேசன் திருகு மூடிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இக்கலை வீடுதோறும் பரவியது.

1895-இல் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில், இறுதிச் சடங்கில் வாசித்த இசைக் குழுவினர் உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறியை உண்டனர்; மூவர் மாண்டனர். வான் எர்மெங்கெம் அக்கறியிலிருந்து ஒரு பாக்டீரியத்தைப் பிரித்தெடுத்தார். அது காற்றில்லாத இடத்தில்தான் வளரும்! கே-லூசாக் காவலாகக் கருதிய நிலையே இதற்குச் சொர்க்கம்.

இதன் சிதல்கள் 100 பாகை வெப்பத்தில் ஐந்து மணிக்கும் மேல் தாங்குமென்று எஸ்டியும் மேயரும் 1922-இல் அளந்து காட்டினர். திறந்த பாத்திரத்தில் எத்தனை விறகு எரித்தாலும் நீர் அதற்கு மேல் சூடேறாது என்பது நாம் அறிந்ததே. அழுத்தத்தை இரு மடங்காக்கினால் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கும். 121 பாகையில் சிதல்கள் மூன்று நிமிடத்திற்குள் மடியும். இவ்வித்தையைப் பாப்பின் 1679-லேயே தம் மூடிய கலத்தில் செய்து காட்டியிருந்தார். அடுப்படிக் குக்கர் அதன் பேரப்பிள்ளைதான்.

அப்படியானால் ஊறுகாய்க்கு மட்டும் கொதிநீர் போதுவானேன்? வினிகரின் அமிலமே காரணம். பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் சிதல் முளைத்து நஞ்சை உண்டாக்க இயலாது. புட்டிக்குள் அது உயிரோடுதான் கிடக்கலாம். ஆனால் உறக்கம் கலையாது. கொதிநீர் ஈஸ்டையும் பூஞ்சையையும் அழித்தால் போதும். புளிப்பு மிகுதி என்று வினிகரைக் குறைத்து நீரைக் கூட்டும்போது தளர்வது இந்தக் காவல்தான்.

1919-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகர விருந்தொன்றில், அமிலமற்ற கறுப்பு ஆலிவ் காய்கள் எழுவரைப் பலிகொண்டன. அவையும் புட்டியில் அடைத்துச் சூடேற்றப்பட்டவையே.