ஹெர்ன் விடைபெற்ற வாயில்கள்

அயல்நாடு சென்று ஆசிரியப் பணி புரிந்தோரைப் பற்றி எழுதுவோர், அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய நாளைத் தவறாது குறிப்பிடுவர். பணியை விட்டு நீங்கிய நாளை ஒரு வரியோடு கடந்துவிடுவர். ஆயினும், ஆசிரியரின் தகைமையும் அவரை அழைத்த நாட்டின் தகைமையும் ஒருங்கே வெளிப்படுவது அந்த இறுதி நாளில்தான் என்பது என் எண்ணம். அடுத்த ஊரில் அவரைப் பற்றிப் பேசப்படவிருக்கும் சொற்களும் அன்றுதான் உருப்பெறுகின்றன. இவ்வகையில் மெய்ஜி கால ஜப்பானில் பணிபுரிந்த லஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளரின் வாழ்வு ஊன்றிப் படிக்கத் தக்கது. பதினான்கு ஆண்டுகளில் அவர் அந்நாட்டில் மூன்று அரசுக் கல்விக்கூடங்களிலிருந்து விடைபெற்றார். மூன்றும் மூன்று விதம்.

1868ஆம் ஆண்டு மெய்ஜி ஆட்சி மலர்ந்தபின், மேலைக் கலைகளை விரைந்து கற்றுக்கொள்ள விரும்பிய ஜப்பானிய அரசு, அயல்நாட்டு அறிஞர்களை ஒப்பந்த முறையில் வரவழைத்தது. மிகுந்த ஊதியம், குறிப்பிட்ட காலம், அக்காலம் முடிந்ததும் விடை. இவ்வேற்பாட்டின் உள்நோக்கம் தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது. அயலார் கற்பிக்க வேண்டும். ஜப்பானிய மாணவர் கற்று, வெளிநாடு சென்று தேர்ந்து, திரும்பி வந்து அதே இருக்கையில் அமர வேண்டும். ஆகவே, நன்றாகக் கற்பிக்கும் அயல்நாட்டு ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பணிநீக்கத்திற்குத் தாமே நாள் குறித்துக்கொண்டிருந்தார் எனலாம்.

இதனை நன்குணர்ந்து சென்றவர் வில்லியம் ஸ்மித் கிளார்க். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரித் தலைவராக இருந்த அவர், ஓராண்டு விடுப்புப் பெற்று, 1876ஆம் ஆண்டில் சப்போரோ வேளாண் கல்லூரியைத் தொடங்கி வைக்கச் சென்றார். எட்டுத் திங்கள் அங்கிருந்தார். தம்முடன் அழைத்துவந்த வில்லியம் வீலரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, 1877 ஏப்ரலில் புறப்பட்டார். மாணவர்கள் குதிரைகளில் ஏறி ஊர் எல்லைக்கு அப்பாலும் உடன் சென்றனர். அங்கே அவர் கூறியதாக வழங்கும் ஒற்றை வரி, இளைஞர்களைப் பேரவா கொள்ளுமாறு தூண்டும் வரி, இன்றும் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததே. போகும் நாளை முன்பே அறிந்தவர்க்கு விடைபெறுதல் எளிது. ஹெர்னின் நிலை அதுவன்று.

ஹெர்ன் 1850ஆம் ஆண்டு கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். தாய் கிரேக்கர், தந்தை அயர்லாந்து நாட்டுப் படை மருத்துவர். பள்ளிப் பருவத்திலேயே இடக்கண் பார்வையை இழந்தார். பத்தொன்பதாம் அகவையில் அமெரிக்கா சென்று, சின்சினாட்டி, நியூ ஆர்லியன்ஸ் நகரங்களில் செய்தித்தாள்களில் எழுதினார். 1890 ஏப்ரலில் ஹார்ப்பர் பதிப்பகத்துக்காக எழுதவென்று யோக்கோஹாமா வந்து சேர்ந்தார். உடன் வந்த ஓவியருக்குத் தம்மைவிட மிகுதியான ஊதியம் என்றறிந்ததும், சினத்துடன் அப்பதிப்பகத்தோடு உறவை முறித்துக்கொண்டார். கையில் பட்டமில்லை, ஆசிரியப் பயிற்சியில்லை, முந்தைய முதலாளியிடம் நற்சான்று கேட்கும் வழியையும் தாமே அடைத்துவிட்டார்.

அவரைக் காத்தவை பழைய அறிமுகங்கள். எலிசபெத் பிஸ்லண்ட் என்னும் எழுத்தாளத் தோழி தந்த அறிமுகக் கடிதம் அவரை யோக்கோஹாமாவிலிருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி மிட்செல் மெக்டொனால்டிடம் சேர்த்தது. நியூ ஆர்லியன்ஸில் 1884-85இல் நடைபெற்ற பொருட்காட்சியில் ஜப்பானின் சார்பாளராக வந்திருந்த ஹத்தோரி இச்சிசோவை, செய்தியாளராக ஹெர்ன் சந்தித்திருந்தார். அவர் இப்போது கல்வித்துறையில் இருந்தார். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியியல் கற்பித்துவந்த ஆங்கிலேயர் பேசில் ஹால் சேம்பர்லினும் பரிந்துரைத்தார். இவ்விருவர் துணையால் மத்சுவே என்னும் சிற்றூரின் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் ஆங்கிலம் கற்பிக்கும் பணி கிடைத்தது. திங்களுக்கு 100 யென். பொருட்காட்சிக் கூடத்தில் செய்தி திரட்டச் சென்றபோது காட்டிய பணிவும் ஆர்வமும் ஐந்தாண்டு கழித்துச் சோறு போடும் என்று அன்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மத்சுவேயில் ஹெர்ன் இருந்தது ஏறக்குறைய பதினைந்து திங்களே. ஆனால் அவ்வூரை அவர் நேசித்ததுபோல் வேறெவ்வூரையும் நேசித்ததில்லை. அங்கே உடன் ஆசிரியரான நிஷிதா செந்தாரோ அவருக்கு உற்ற நண்பரானார். மொழி புரியாத இடத்தில் செவியாகவும் நாவாகவும் இருந்தார். அங்கேயே கொய்சுமி செட்சு என்னும் பெண்மணியை மணந்தார். முதற் குளிர்காலத்தில் பனியும் வாடையும் அவரைப் படுக்கையில் வீழ்த்தின. மனைவியின் குடும்பத்தாரைத் தாங்கும் கடமையும் சேர்ந்தது. தென்திசையில் குமமோட்டோவின் அரசுக் கல்லூரியில் 200 யென் ஊதியத்தில் இடம் கிடைத்தபோது, அவர் போக முடிவு செய்தார்.

அம்முடிவைத் தெரிவித்த முறையில்தான் அவருடைய நாகரிகம் தெரிகிறது. ஊதியம் போதவில்லை என்று ஊரைக் குறை கூறவில்லை. பணியைத் துறந்து, உள்நாட்டுப் பயணத்துக்கு அயலார் பெறவேண்டியிருந்த அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்த நாள்களிலும், தமக்கு உரியாரை ஒவ்வொருவராகக் கண்டு விடை சொன்னார். ஆசிரியர்கள் பழமையான பூச்சாடி இரண்டைப் பரிசளித்தனர். மாணவர்கள் வாள் ஒன்றை அளித்தனர். சாமுராய் மரபு மறைந்துகொண்டிருந்த அக்காலத்தில், அயல்நாட்டு ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் வாள் அளிப்பதன் பொருளை அவர் நன்கறிவார். அதற்கேற்ப மறுமொழியும் எழுதிப் படித்தார். 1891 நவம்பரில் அவர் நீராவிப் படகு ஏறியபோது, ஆற்றங்கரை முழுதும் மாணவர் திரண்டு நின்றனர். 1894இல் வெளிவந்த ஜப்பானைப் பற்றிய அவருடைய முதல் நூலின் கடைசி இயல் இவ்விடைபெறலைப் பற்றியதே. பணி விலகல் ஒன்று இலக்கியமாக ஆனதற்கு இதனினும் நல்ல சான்றை நான் கண்டதில்லை. மத்சுவே அவரை இன்றுவரை தன் மகன்போல் போற்றுகிறது. அவர் குடியிருந்த வீடு காக்கப்பட்டு வருகிறது.

குமமோட்டோவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. அங்கே கல்லூரித் தலைவராக முதலில் இருந்தவர் ஜூடோக் கலையை வகுத்த கானோ ஜிகோரோ. அவரை ஹெர்ன் மதித்தார். ஊரோ ஒட்டவில்லை, உடன் பணியாற்றியோரும் ஒட்டவில்லை. மூன்றாண்டுக்குப் பின் 1894இல் ஒப்பந்தத்தை நீட்டாமல், கோபேயில் ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றில் சேர்ந்தார். சண்டையில்லை, கண்ணீருமில்லை. உலகில் பெரும்பாலான பணி விலகல்கள் இவ்வாறுதான் நிகழ்கின்றன.

1896ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரண்டு மாற்றங்கள். மனைவி மக்களின் உரிமை கருதி ஜப்பானியக் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாகுமோ எனப் பெயர் பூண்டார். அதே ஆண்டில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் இலக்கியத்துறைத் தலைவர் தோயாமா மசகாசு அவரை ஆங்கில இலக்கிய விரிவுரையாளராக அழைத்தார். ஊதியம் 400 யென். அயல்நாட்டு ஆசிரியருக்குரிய அளவு. ஆக, சட்டத்தால் ஜப்பானியர், சம்பளத்தால் அயலார் என்னும் இரட்டை நிலை உண்டாயிற்று. தோயாமா இருந்தவரை இது தொல்லை தரவில்லை. அவர் 1900ஆம் ஆண்டு மறைந்தார்.

கவிஞர்கள் ஹெர்னின் வகுப்பறையை அறிந்துகொள்ள வேண்டும். குறிப்புத் தாள் இல்லாமல் வருவார். ஒவ்வொரு சொற்றொடரையும் நிறுத்தி, எளிய ஆங்கிலத்தில், மாணவர் எழுதிக்கொள்ளும் வேகத்தில் சொல்வார். ஆங்கிலக் கவிதையை இலக்கணமாகக் கற்பிக்காமல் உணர்ச்சியின் மொழியாகக் கற்பித்தார். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குச் செல்லமாட்டார். வளாகத்துக் குளக்கரையில் தனியே உலவிப் புகைபிடிப்பார். மாணவர்க்கு இது கவிஞரின் தனிமையாகத் தோன்றியது. உடன் ஆசிரியர்க்கு எவ்வாறு தோன்றியிருக்கும்? மத்சுவேயில் ஒரு நிஷிதா இருந்தார்; டோக்கியோவில் அப்படி ஒருவரை ஹெர்ன் தேடிக்கொள்ளவில்லை. தோயாமாவுக்குப்பின் அவருக்காகப் பேச ஆசிரியர் அறையில் எவருமில்லை.

1903 சனவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: மார்ச் 31ஆம் நாளோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப்படாது. ஏறக்குறைய ஏழாண்டு உழைத்தவருக்கு முன்கூட்டி ஒரு பேச்சுமில்லை. நேரில் ஒரு சொல்லுமில்லை. ஹெர்ன் புண்பட்டார். மாணவர்கள் கொதித்தெழுந்தனர், பிற்காலத்தில் புதிய நாடக இயக்கத்தை வளர்த்த ஒசானை கவோரு அவர்களுள் ஒருவர். கிளர்ச்சியைக் கண்ட துறைத்தலைவர் இனோவே தெத்சுஜிரோ, பாடவேளையையும் ஊதியத்தையும் குறைத்துக்கொண்டு தொடருமாறு ஹெர்னிடம் கேட்டார். ஹெர்ன் மறுத்தார்.

இங்கே எவர் பக்கம் நியாயம் என்று கேட்டால், என் விடை சற்றுக் கோணலானது. கொள்கை அளவில் பல்கலைக்கழகம் செய்தது தவறன்று. ஆங்கில இலக்கியம் கற்றுவர 1900இல் அரசுச் செலவில் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட நத்சுமே சொசெகி, 1903 சனவரியில்தான் நாடு திரும்பியிருந்தார். ஹெர்னிடமே பயின்ற உவேதா பின்னும் இருந்தார். 1905இல் பிரெஞ்சுக் குறியீட்டியக் கவிதைகளை ஜப்பானிய மொழிக்குக் கொணர்ந்து அந்நாட்டுக் கவிதையின் போக்கையே மாற்றியவர் இவரே. இவ்விருவரும் ஆர்தர் லாய்டு என்பாரும் ஹெர்னின் இடத்தைப் பகிர்ந்துகொண்டனர். தகுதியற்றோர் எவருமில்லை. பிழை முறையில்தான் இருந்தது. ஆறு திங்களுக்கு முன் ஒருவர் வீடு தேடிச்சென்று உண்மையைச் சொல்லியிருந்தால், ஹெர்ன் மத்சுவேயில் செய்ததையே இங்கும் செய்திருப்பார்.

ஹெர்னுக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜப்பானைப் பற்றி விரிவுரையாற்ற ஏற்பாடாகியிருந்தது. அவ்வாண்டு அங்கே பரவிய டைபாய்டு காய்ச்சலாலும் அதனால் வந்த பணமுடையாலும் அது கைவிடப்பட்டது. எழுதிவைத்த விரிவுரைகளை நூலாக்கினார். அவருடைய ஆழமான ஆய்வாக மதிக்கப்படும் அந்நூல் 1904இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே வசேதா பல்கலைக்கழகம் அவரை அன்போடு அழைத்துக்கொண்டது. ஆனால் செப்டம்பர் 26ஆம் நாள், 54ஆம் அகவையில், நெஞ்சுவலியால் மறைந்தார்.

ஹெர்னின் இருக்கையில் அமர்வது சொசெகிக்கு இனிதாக இருக்கவில்லை. அவர் முன்பு பணியாற்றியதும் குமமோட்டோவின் அதே கல்லூரியில்தான். அங்கே திரும்ப விரும்பாமல், நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவச் சான்று பெற்றுத்தரும்படி நண்பருக்கு எழுதினார் அவர்! டோக்கியோ மாணவர் சிலர் புதிய ஆசிரியரை ஏற்கவில்லை. பின்னாளில் தன்கா கவிஞராகப் புகழ்பெற்ற கவாதா ஜுன் இலக்கியத்தை விட்டுச் சட்டத்துறைக்கே மாறினார். ஆனால் 1907இல் அதே பல்கலைக்கழகத்தை விட்டு அசாகி செய்தித்தாளில் சேர்ந்தபோது, சொசெகி நடந்துகொண்ட முறை வேறு. ஊதியம், எழுதவேண்டிய அளவு, பணிப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கடிதங்கள் வழியே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்த பின்னரே பேராசிரியர் பதவியின் வாயிலில் நின்றவர் அதைத் துறந்தார். ஹெர்னுக்கு நேர்ந்ததை அருகிலிருந்து கண்டவரல்லரோ!

நற்சான்றுகள் எவ்வளவு காலம் செல்லும்? மத்சுவே பணிக்குப் பரிந்துரைத்த சேம்பர்லினோடு ஹெர்னின் நட்பு பின்னர்த் தளர்ந்தது. சேம்பர்லின் 1935இல் மறைந்தார். ஜப்பானைப் பற்றிய அவருடைய அகராதி நூலின் 1939ஆம் ஆண்டுப் பதிப்பில், ஹெர்னைப் பற்றிய மதிப்பீடு கடுமையாக மாறியிருந்தது.

மாணவர்கள் வேறொன்று செய்தனர். அவர் சொல்லச் சொல்ல எழுதிய ஏடுகளை அவர்கள் எறிந்துவிடவில்லை. அவற்றைத் திரட்டி அமெரிக்காவுக்குக் கொண்டுசேர்த்தவர், 1890இல் ஒரு தோழியின் அறிமுகக் கடிதத்தோடு ஹெர்ன் தேடிச்சென்ற அதே மெக்டொனால்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜான் எர்ஸ்கின் பதிப்பிக்க, 1915இல் அவை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. கவிதை பற்றிய தொகுதி அடுத்த ஆண்டு வந்தது. ஆசிரியர் தம் கையால் ஒரு வரியும் எழுதாத நூல்கள் அவை.