சேற்றில் பிறந்த புல்லட்

புல்லட் என்றதும் நமக்கு போலீஸ்காரரும் பண்ணையாரும்தான் ஞாபகம் வருவார்கள். அந்த வண்டியின் இன்றைய வடிவம் முதலில் தலைகாட்டியதோ சேற்றில், 1948ல் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரையல்ஸில்.

டிரையல்ஸ் வேகப்போட்டி இல்லை. பாறை, ஓடை, சகதி என்று எது வந்தாலும் கால் ஊன்றாமல் ஓட்டணும், ஊன்றினால் தண்டப்புள்ளி. பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி சகதியில் பிடிக்காது என்று அப்போது நம்பினார்கள். ஜானி பிரிட்டன் 1952லும் 1957லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸை என்ஃபீல்டில் ஜெயித்து அந்தப் பேச்சை அடக்கினார்.

எல்லை ரோந்துக்கு நம் ராணுவம் கேட்டதும் இந்த 350 சிசி வண்டியைத்தான். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்ட் இந்தியா உருவாச்சு. வியாசர்பாடியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில், திருவொற்றியூரில் ஆலை. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970ல் மூடியது. நம்ம ஆலை நிற்கவில்லை.

2019ல் ‘புல்லட் டிரையல்ஸ்’ என்று ஒரு மாடல் வந்தது. சைலன்சரைத் தூக்கி, பட்டன் டயர் போட்டிருந்தார்கள். எடை 180 கிலோவுக்கு மேல்! இன்றைய நிஜ டிரையல்ஸ் வண்டி 70 கிலோ சொச்சம்தான். பெயர் மட்டும் பழசு.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை எழுப்புவது தனி வித்தை. பாயின்ட் இடைவெளி சரியாக இருக்கணும். கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லிவரை விட்டு, ஒரே மிதி.