வெளியேறியவரும் மயங்கியவரும்

வைட்டிலாவில் எங்கள் அண்டை வீட்டுச் செவிலியப் பெண் ஒருத்தி, இங்கிலாந்து மருத்துவமனை ஒன்றுக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்துத் தருமாறு என்னிடம் கொடுத்தாள். 2016ஆம் ஆண்டில் தான் 'பாஸ் அவுட்' ஆனதாக அதில் எழுதியிருந்தாள். படித்துத் தேறியதையே அவள் குறித்தாள். ஆனால், அந்நாட்டார்க்கு முதலில் தோன்றும் பொருள், 'மயங்கி விழுந்தேன்' என்பதே.

இது அவள் பிழையென்று கூறிவிட இயலாது. இச்சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு.

'பாஸ்' என்பது கடத்தல். 'அவுட்' என்பது வெளியே. இரண்டும் கூடிய வினைக்கு ஆங்கிலத்தில் பொருள் பல. துண்டறிக்கைகளை வழங்குதல் ஒன்று. நினைவிழத்தல் மற்றொன்று; பேச்சு வழக்கான இப்பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிற்று. பயிற்சி முடித்து வெளியேறுதல் மூன்றாவது. இங்கிலாந்தில் இது பெரும்பாலும் படையினர், காவலர் போன்றோர்க்கே உரியது. கல்லூரியில் பட்டம் பெற்றோர் இவ்வாறு சொல்வதில்லை.

டேராடூனில் இந்திய ராணுவக் கழகம் 1932இல் தோன்றியது. முதல் அணியில் சேர்ந்தோர் 40 பேர். பிற்காலத்தில் பீல்டு மார்ஷலான சாம் மானெக்‌ஷா அவர்களுள் ஒருவர். அங்கே பயிற்சி முடித்தோர் மெதுநடையிட்டுச் செட்வுட் கட்டடத்தின் படிகளில் ஏறி, 'அந்திம் பக்', அதாவது இறுதி அடி, எனப்படும் இடத்தைக் கடந்து செல்வர். சொல்லின் நேர்ப்பொருளை அங்கே கண்ணாலேயே காணலாம்.

சென்னையில் 1963இலும், கொச்சியில் கடற்படைக்கென 1969இலும் அதிகாரிப் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. கொச்சிப் பள்ளி பின்னர்க் கோவாவுக்கும், 2009இல் எழிமலைக்கும் இடம் மாறிற்று. நிறைவு அணிவகுப்புச் செய்திகள் நாளிதழ்தோறும் வந்தன. திடலில் வழங்கிய சொல்லே கல்லூரி வாயிலுக்கும் வந்தது எனக் கருத இடமுண்டு.

கடும் வெயிலில் அசையாது நிற்கும் வீரன், அணிவகுப்பு முடியுமுன் மயங்கிச் சாய்வதும் உண்டு. அவனைப் பொறுத்தவரை அவ்வொரு வினையே இரு பொருளும் தரும்! ஆகவே, சொன்னவர் யார், கேட்பவர் யார் என்று உசாவிய பின்னரே மொழிபெயர்ப்பாளன் எழுதுகோலை எடுத்தல் வேண்டும்.

அப்பெண்ணின் விண்ணப்பத்தில், 'படிப்பை முடித்துத் தேர்ச்சி பெற்றேன்' என்னும் பொருள்படும் எளிய ஆங்கிலத்தை எழுதிக் கொடுத்தேன். நோயாளரைக் காக்கச் செல்பவள், முதல் வரியிலேயே மயங்கி விழலாகாதன்றோ!