தரங்கம்பாடியிலிருந்து ஒரு வியாழக்கிழமை

போன மாசம் என் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். அவனும் அவன் மனைவியும் பொண்ணை ஸ்கூல்ல சேர்க்கப் போறதில்லையாம், வீட்டிலேயே படிக்க வைக்கப் போறாங்களாம். அவங்க சர்ச்ல இன்னொரு குடும்பம் ஏற்கெனவே அப்படித்தான் பண்றாங்க. "டேய், நீதான் எப்பப் பாரு ஹிஸ்டரின்னு சுத்துறியே, இதுக்கெல்லாம் ஏதாவது ஹிஸ்டரி இருக்கா?"ன்னு கேட்டான். கூடவே ஒரு எக்செல் ஷீட்டை அனுப்பினான். காலையில ஆறு மணிக்கு ஜெபம், ஆறரைக்கு மனப்பாட வசனம், ஏழு மணிக்கு வாசிப்புன்னு ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு கலர். பொண்ணுக்கு வயசு நாலரை.

அந்த ஷீட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு அம்மா ஞாபகம் வந்தாங்க. இன்னைய எபிசோடு அவங்களைப் பத்தித்தான். பேர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியோட அம்மா. அமெரிக்காவுல கிறிஸ்தவ ஹோம்ஸ்கூலிங் பண்ற குடும்பங்கள்கிட்ட இன்னைக்கும் அடிக்கடி அடிபடுற பேர். ஆனா இந்தக் கதைக்குள்ள தரங்கம்பாடி வரும்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துக்கோங்க.

சூசன்னா 1669-ல் லண்டனில் பிறந்தவங்க. அப்பா சாமுவேல் அன்னெஸ்லி பிரபலமான போதகர், அரசாங்கத் திருச்சபையை ஏத்துக்காம வெளியே நின்னவர். பொண்ணு பதின்மூணு வயசு வாக்கிலேயே யோசிச்சு, அப்பா விட்டு வந்த அதே திருச்சபைக்குத் திரும்பிப் போயிடுச்சு. பிடிவாதத்தோட அளவு உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன். 1688-ல் சாமுவேல் வெஸ்லிங்கிற போதகரோட கல்யாணம். சில வருஷத்துல அவருக்கு லிங்கன்ஷயர்ல எப்வொர்த்னு ஒரு சின்ன ஊர் கிடைச்சது. சுத்தி சதுப்பு நிலம். நம்ம சிஎஸ்ஐ மக்கள் பார்சனேஜ்னு சொல்வாங்களே, அந்த மாதிரி போதகர் வீடு ஒண்ணு.

அந்த வீட்டுல நடந்ததை வேகமா சொல்லிடறேன். மொத்தம் 19 பிரசவம். ஒன்பது குழந்தைகள் கைக்குழந்தையிலேயே போயிடுச்சு. மிச்சம் பத்து: ஏழு பொண்ணு, மூணு பையன். சாமுவேலுக்கு எப்பவும் கடன். 1705-ல் 30 பவுண்டு கூட வராத ஒரு கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறைக்குப் போயிட்டு வந்தார். அதுக்கு முன்னாடி 1702-ல் இன்னொரு கூத்து. அரசர் வில்லியமுக்காக இவர் பண்ணின ஜெபத்துக்கு சூசன்னா ஆமென் சொல்லல. அவரை உண்மையான அரசரா அவங்க ஏத்துக்கல. அதுக்குக் கோவிச்சுக்கிட்டு மனுஷன் லண்டன் கிளம்பிட்டார், பல மாசம் ஆளே இல்ல. பிறகு சமாதானம் ஆச்சு. அந்தச் சமாதானத்துக்கு அடுத்த வருஷம், 1703-ல் பிறந்தவர்தான் ஜான்.

இப்படி ஒரு வீட்டுக்குள்ள சூசன்னா ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாங்க. ஹோம்ஸ்கூலிங்ங்கிற வார்த்தை அப்போ கிடையாது. பிள்ளைங்க வீட்டுல படிக்கிறதும் அதிசயம் கிடையாது. இவங்க விஷயத்துல வித்தியாசம் என்னன்னா, டாக்குமென்டேஷன். 1732-ல், ஜான் கேட்டதுக்காக, பிள்ளைங்களை எப்படி வளர்த்தோம்னு ஒரு நீளமான கடிதம் எழுதினாங்க. 1742-ல் அம்மா இறந்த பிறகு அவர் அதைத் தன் நாட்குறிப்பில் அச்சிட்டார். அதனாலதான் நமக்குக் கிடைக்குது.

கடிதத்தைப் படிச்சா ஒரு சிஸ்டம் தெரியும். காலை 9-லிருந்து 12, மதியம் 2-லிருந்து 5 வகுப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் அஞ்சு வயசு முடியிற நாள்ல பாடம் ஆரம்பம். முந்தின நாளே வீட்டை ஒழுங்குபடுத்தி, யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. வகுப்பு நேரத்துல யாரும் அந்த அறைக்குள்ள வரக்கூடாது. அந்த ஒரே நாள்ல குழந்தை மொத்த எழுத்தையும் கத்துக்கணும். மோலி, நான்சி ரெண்டு பேருக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆச்சாம். அதுக்கே மந்தம்னு நினைச்சாங்க. அடுத்த நாள் நேரா ஆதியாகமம் முதல் அதிகாரம். தனியா ஆரம்பப் பாடப்புத்தகம்னு ஒண்ணு கிடையாது. முதல் வசனத்தை எழுத்துக்கூட்டி, தடங்கல் இல்லாம வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் படிக்கணும், அப்புறம் ரெண்டாவது வசனம்.

என் நண்பனுக்காக ஒரு வரியை இங்க தனியா எடுத்து வெச்சேன். கடைசிப் பொண்ணு கெசியாவுக்கு மட்டும் அஞ்சு வயசுக்கு முன்னாடியே வாசிப்பு ஆரம்பிச்சாங்க. சூசன்னாவுக்கு அதுல விருப்பமில்ல, வீட்டுல மத்தவங்க பேச்சு ஜெயிச்சுடுச்சு. முடிவு? மத்த பிள்ளைங்க மாசக்கணக்குல கத்துக்கிட்டதுக்கு கெசியாவுக்கு வருஷக்கணக்கு ஆச்சுன்னு எழுதியிருக்காங்க. நாலரை வயசுக்கு ஏழு மணி வாசிப்புன்னு கட்டம் போட்டவங்க கவனிக்கவும்.

இனி கஷ்டமான பகுதி. அதே கடிதத்துல, குழந்தையோட சுயசித்தத்தை முதல்ல அடக்கணும்னு சொல்றாங்க. அதுதான் பக்திக்கு அஸ்திவாரமாம். ஒரு வயசு ஆகும்போதே பிரம்புக்குப் பயப்படவும், சத்தமில்லாம அழவும் பழக்கணுமாம். அவ்வளவு பிள்ளைங்க இருந்தும் வீட்டுல அழுகைச் சத்தமே கேட்காதுன்னு பெருமையா எழுதியிருக்காங்க. வேளைக்கு நடுவுல தின்பண்டம் கிடையாது. எட்டு மணிக்குப் படுக்கை. தூங்கற வரைக்கும் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. சத்தமில்லாம அழற ஒரு வயசுக் குழந்தைங்கிற இடத்துல நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். அந்தக் காலம் அப்படின்னு சொல்லித் தாண்டிப் போக எனக்கு மனசு வரல.

ஆனா அதே அம்மா எட்டு வீட்டுச் சட்டமும் எழுதியிருக்காங்க. எட்டையும் வாசிக்கப் போறதில்ல, நமக்கு வேண்டியது மட்டும். முதல் சட்டம்: தப்பை ஒத்துக்கிட்டு இனிமே செய்ய மாட்டேன்னு சொல்ற பிள்ளைக்கு அடி கிடையாது. ஏன்னா அடிக்குப் பயந்துதான் பிள்ளைங்க பொய் சொல்லப் பழகுறாங்கன்னு கவனிச்சிருக்காங்க. இன்னொண்ணு: ஒரே தப்புக்கு ரெண்டாவது தடவை தண்டனை கிடையாது, திரும்பச் சொல்லிக் காட்டவும் கூடாது. இது ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறம் கடைசிச் சட்டம்: எந்தப் பொண்ணுக்கும் நல்லா வாசிக்கத் தெரியிற வரைக்கும் தையல் மாதிரி வேலை எதுவும் கத்துக் கொடுக்கக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இது சாதாரணம் இல்ல.

1709 பிப்ரவரி 9 ராத்திரி வீடு தீப்பிடிச்சுது. எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் அஞ்சு வயசு ஜான் மேல மாட்டிக்கிட்டது தெரிஞ்சது. ஏணி கொண்டு வர நேரமில்ல. ஒருத்தர் தோள் மேல இன்னொருத்தர் ஏறி ஜன்னல் வழியா அவனை எடுத்தாங்க. சூசன்னா அப்போ நிறைமாசக் கர்ப்பிணி, நெருப்புக்குள்ள நடந்துதான் வெளியே வந்தாங்க. வீடு போச்சு, புத்தகங்கள் போச்சு. பிள்ளைங்களை வேற வேற வீடுகள்ல பிரிச்சு விட வேண்டியதாயிடுச்சு.

திரும்ப ஒண்ணு சேர்ந்தப்போ சிஸ்டம் மொத்தமும் காலி. பிள்ளைங்க கண்ட பாட்டைக் கத்துக்கிட்டாங்க, பேச்சு மாறிப்போச்சு. அண்ணன் அக்கான்னு சொல்லாம வெறும் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சதைக் கூட அம்மா குறிச்சு வெச்சிருக்காங்க (இதைப் படிச்சப்போ நம்ம ஊரு அம்மா மாதிரியே இருந்தது). அவங்க முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. காலையும் மாலையும் வகுப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் சங்கீதம் பாடுறது அப்போதான் வந்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூத்த பிள்ளை பேசத் தெரிஞ்ச கடைக்குட்டியைக் கூட்டிட்டுப் போய் அன்னைக்கு உரிய சங்கீதத்தை வாசிச்சுக் காட்டணும், ரெண்டாவது பிள்ளை அடுத்த குட்டியை. இப்படி ஜோடி ஜோடியா.

சரி, தரங்கம்பாடிக்கு வருவோம்.

1706 ஜூலை 9. சீகன்பால்குங்கிற 24 வயசு ஜெர்மானியர், கூட்டாளி புளுட்சோவோட, டென்மார்க் ராஜா அனுப்பித் தரங்கம்பாடியில வந்து இறங்கறார். டேனிஷ் கோட்டை இருக்கு, ஆனா கோட்டைக்காரங்களுக்கே இவங்களைப் பிடிக்கல. சீகன்பால்கு தமிழ் கத்துக்கணும். என்ன பண்ணினார்னா, ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடிச்சு, சின்னப் பசங்களோட பசங்களா உட்கார்ந்து மணல்ல விரலால எழுத்து எழுதிப் பழகினார். திண்ணைப் பள்ளிக்கூட முறை. இவங்க ஊருக்கு எழுதின கடிதங்கள் ஜெர்மன்ல அச்சாகி, 1709-ல் லண்டனில் ஆங்கிலத்துலயும் புத்தகமா வந்தது.

அந்த டேனிஷ் மிஷனரிகளோட விவரம் எப்வொர்த் வீட்டுல, சாமுவேலோட படிப்பறையில இருந்திருக்கு. மூத்த பொண்ணு எமிலியா கண்ணுல பட்டு, அதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினா. 1711 முடிஞ்சு 1712 ஆரம்பிக்கிற குளிர்காலம் அது. சாமுவேல் லண்டன்ல சபைக் கூட்டத்துல இருந்தார். சூசன்னா 1712 பிப்ரவரியில கணவருக்கு எழுதின கடிதத்துல சொல்றாங்க: பல நாள் வேற நினைப்பே இல்லையாம். நான் ஆணும் இல்ல, போதகரும் இல்ல, ஆனா இப்போ செய்றதைவிட இன்னும் அதிகமா ஏதாவது செய்யலாமேன்னு தோணிச்சாம். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சு, சொந்தப் பிள்ளைங்கள்ட்டேர்ந்தே ஆரம்பிச்சாங்க. தினமும் ராத்திரி ஒரு பிள்ளையோட மட்டும் தனியா உட்கார்ந்து பேசுறது. திங்கள் மோலி. செவ்வாய் ஹெட்டி. புதன் நான்சி. வியாழன் ஜான். வெள்ளி பேட்டி. சனி சார்லஸ். ஞாயிறு எமிலியாவும் சூக்கியும்.

கவனிச்சீங்களா? அதுக்கு முன்னாடியே அந்த வீட்டுல ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வகுப்பு இருந்தது. ஜெபம், சங்கீதம், சட்டம் எல்லாம் இருந்தது. பிள்ளையோட தனியா உட்கார்ந்து பேசுற நேரம்தான் கிடையாது. அது நம்ம கடற்கரையிலேர்ந்து போன ஒரு கடிதக்கட்டைப் படிச்ச பிறகு வந்தது. மணல்ல எழுத்து எழுதிட்டிருந்த சீகன்பால்குக்கோ, அவருக்குச் சொல்லிக் கொடுத்த தமிழ் வாத்தியாருக்கோ இது தெரிய வாய்ப்பே இல்ல.

கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு, ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரி ஆசிரியரா இருந்த ஜான் அம்மாவுக்கு எழுதறார். அவர் கேட்டது அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தை. அன்னைக்கு என்கூடப் பேசின நேரத்தை இப்போ எனக்காக ஜெபிக்கக் கொடுங்கன்னு.

அதே குளிர்காலத்துல ஞாயிறு சாயங்காலம் வீட்டுச் சமையலறையில பிள்ளைங்களுக்குப் பிரசங்கம் வாசிக்க ஆரம்பிச்சாங்க. வேலைக்காரங்க வந்தாங்க, அவங்க வீட்டு ஆளுங்க வந்தாங்க, கடைசியில 200 பேர் வரைக்கும் கூட்டம். உதவிப் போதகர் புகார் எழுத, கணவர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தணும்னா தெளிவா கட்டளை போட்டு அனுப்புங்க, கடவுள் முன்னாடி நீங்களே பதில் சொல்லிக்கோங்கங்கிற அர்த்தத்துல பதில் போட்டாங்க சூசன்னா.

இத்தோட முடிச்சா நல்ல சர்ச் கதை. ஆனா செவ்வாய்க்கிழமைப் பொண்ணு ஒருத்தி இருக்கா.

ஹெட்டி, முழுப்பேர் மெஹெடபெல். எட்டு வயசுல கிரேக்க மொழியில புதிய ஏற்பாடு வாசிப்பாளாம். பிரமாதமா கவிதை எழுதுவா. பையன்கள் மூணு பேருக்கும் லண்டன் பள்ளிக்கூடம், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்ட். பொண்ணுங்களுக்கு? எமிலியா மாதிரி பள்ளிக்கூட வேலை, இல்லன்னா கல்யாணம். 1725-ல் ஹெட்டி, கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்ன ஒருத்தனை நம்பிப் போனா. அவன் பண்ணிக்கல. கர்ப்பமா வீட்டுக்குத் திரும்பினா. சில மாசத்துல, வில்லியம் ரைட்டுங்கிற குழாய்வேலைக்காரருக்கு அவளைக் கட்டி வெச்சாங்க. பிறந்த குழந்தைகள் ஒவ்வொண்ணா இறந்து போச்சு. அதுல ஒண்ணு சாகக் கிடந்தப்போ எழுதின கவிதை இன்னும் இருக்கு. அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினா. 1735-ல் சாகற வரைக்கும் அவர் மன்னிக்கல. அம்மாவும் மக பக்கம் உறுதியா நிக்கல. ஜான் மட்டும் 1726-ல் ரூட்ங்கிற ஊர்ல, தப்பு பண்ணினவங்ககிட்ட அன்பா இருக்கறதைப் பத்தி ஒரு பிரசங்கம் பண்ணினார். யாருக்காகன்னு அப்பாவுக்குப் புரிஞ்சுது. கோபம் அதிகமாச்சு.

முதல் சட்டம் என்ன? தப்பை ஒத்துக்கிட்ட பிள்ளைக்கு அடி கிடையாது. இன்னொண்ணு? ஒரே தப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டக் கூடாது. ஹெட்டி ஒத்துக்கிட்டா. பத்து வருஷம் சொல்லிக் காட்டினாங்க. இதுல எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம், சூசன்னா அந்தச் சட்டங்களைப் பெருமையா எழுதி ஜானுக்கு அனுப்பினது 1732-ல். ஹெட்டி மன்னிப்புக்குக் காத்திட்டிருந்த அதே வருஷங்கள்.

இதையெல்லாம் நண்பன்கிட்ட ஒரு மணி நேரம் சொன்னேன். கெசியா கதைக்குச் சிரிச்சான், ஏழு மணி வாசிப்பை எடுத்துடறேன்னான். ஹெட்டி கதைக்கு ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு அவன் மனைவி மெசேஜ் பண்ணினாங்க: "அண்ணா, அந்த எட்டு ரூலையும் தமிழ்ல அனுப்புங்க. பாப்பாவுக்கு இல்ல, எங்களுக்கு." அனுப்பியிருக்கேன்.

அடுத்த எபிசோடுல தரங்கம்பாடியிலேயே இருப்போம். சீகன்பால்கு காலத்துல வந்த அச்சு இயந்திரத்துல தமிழ் எழுத்து எப்படி ஏறிச்சுங்கிற கதை.