வாயில்காப்போன் சொன்ன பொய்

ரயில் நிலையத்திலோ ஹோட்டல் கூடத்திலோ கம்ப்யூட்டரைத் திறக்கிறோம். வை-ஃபை கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக மூலையில் விசிறி போன்ற சின்னம் விரிந்து நிற்கிறது. ஆனால் பத்திரிகை வரவில்லை, தபால் வரவில்லை, பெயரும் டெலிபோன் எண்ணும் கேட்டுவிட்டு உள்ளே விட வேண்டிய நுழைவுப் பக்கமும் வரவில்லை. தொடர்பு பத்திரமானதல்ல என்ற எச்சரிக்கை மட்டும் வருகிறது. ஜனங்கள் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் பேரில் குற்றம் இல்லை என்பது என் கட்சி. அந்தக் கட்சியை நிலைநாட்டக் கொஞ்சம் பழங்கதை சொல்லியாக வேண்டும்.

1985-ல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு தாராளமான காரியம் செய்தது. மைக்ரோவேவ் அடுப்பு முதலிய சாதனங்கள் புழங்கிவந்த சில அலைவரிசைகளில், லைசென்ஸ் வாங்காமலே யாரும் செய்தி அனுப்பலாம் என்று விட்டுவிட்டது. அடுப்பங்கரையில் பிறந்த அந்தக் குழந்தைக்கு 1997-ல் இலக்கணம் வகுத்தார்கள். 1999-ல் வை-ஃபை என்று பெயர் சூட்டினார்கள். 2001 வாக்கில் அது ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளுக்கே வந்துவிட்டது.

வந்ததும் ஒரு சங்கடம். காற்றுக்குக் கதவு போட முடியுமா? வருகிறவர் யார், காசு கொடுத்தவரா, அடுத்த தெரு ஆசாமியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கலிஃபோர்னியாவில் ஸோனோமா என்ற வட்டாரத்தில் ஷூய்லர் எர்ல், ராப் ஃப்ளிக்கெஞ்சர் முதலிய நண்பர்கள் தங்கள் இணைப்பை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ள விரும்பினார்கள். அதற்காக அவர்கள் எழுதிய வாயில்காப்போன் நிரலின் பெயர் 'நோகேட்'. அதாவது, 'பூனை இல்லை'! ஐன்ஸ்டீன் தலையில் கட்டப்பட்டிருக்கும் ஒரு வேடிக்கைக் கதையிலிருந்து எடுத்த பெயர் அது. தந்தி என்பது நீண்ட பூனை, இங்கே வாலை இழுத்தால் அங்கே கத்தும். ரேடியோவும் அப்படித்தான், ஆனால் பூனை கிடையாது என்பது கதை.

இந்தக் காப்போன்கள் எல்லோரும் கையாண்ட தந்திரம் ஒன்றேதான். நீங்கள் ஒரு பத்திரிகையின் விலாசத்தைத் தட்டுகிறீர்கள். காப்போன் அந்தக் கடிதத்தை வழியிலேயே மறித்து, பத்திரிகையின் பெயரிலேயே பதில் எழுதிவிடுகிறான்: "நான் இப்போது வேறிடத்தில் இருக்கிறேன், இந்தப் பக்கத்துக்கு வா." போனால் அது அவனுடைய நுழைவுப் பக்கம்! பொய்தான், ஆனால் சின்னப் பொய். அந்தக் காலத்தில் கடிதங்களுக்கு உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. எனவே ஒருவரும் கவனிக்கவில்லை.

காப்போன் செய்யக்கூடியதைத் திருடனும் செய்யலாம் அல்லவா? 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் 'ஃபயர்ஷீப்' என்றொரு சிறு கருவியை வெளியிட்டார். காப்பிக் கடையில் பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே தட்டில் புகுந்துவிட அது போதும். அபாயத்தை எல்லோருக்கும் காட்டுவதே அவருடைய நோக்கம். நோக்கம் பலித்தது. முத்திரையிட்ட உறைகள் வேகமாகப் பரவின. சொந்தக்காரரின் சான்றிதழ் இல்லாத பதிலை பிரவுசர் நம்ப மறுத்தது. பூட்டில்லாமல் தன்னை அணுகவே கூடாது, சான்றிதழில் கோளாறு இருந்தால் 'பரவாயில்லை' என்று தாண்டவும் விடக்கூடாது என்று ஒரு தளம் கட்டளையிடும் விதியும் 2012-ல் வந்தது. 2015 டிசம்பரிலிருந்து 'லெட்ஸ் என்க்ரிப்ட்' ஸ்தாபனம் சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாகவே வழங்கத் தொடங்கியது.

திருடனுக்கு அடைத்த கதவு காப்போனுக்கும் அடைபட்டது. பாவம், அவனுக்கு வேறு பாஷை தெரியாது.

நம் நாட்டில் காப்போனை விட்டுவிடவும் முடியாது. 2008-ல் ஆமதாபாத் குண்டுவெடிப்பின்போது யாருடைய வீட்டு வை-ஃபை மூலமோ மிரட்டல் கடிதம் போயிற்று. மறு வருஷமே, பொது இடங்களில் வை-ஃபை கொடுப்பவர்கள் ஆளை அடையாளம் கண்டுதான் விட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. டெலிபோனுக்கு வரும் ஒரு தடவை எண்ணுக்கு இதுதான் பூர்வோத்தரம்.

ஒரு ரயில் நிலையத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். பரீட்சை விண்ணப்பத்துக்குப் பாங்கு மூலம் பணம் கட்ட இன்னும் முக்கால் மணிதான். திரையில் எச்சரிக்கை.

"அதெல்லாம் அப்படித்தான் சொல்லும், தம்பி! மேலே போன்னு அமுக்கு!" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர்.

"அந்தப் பொத்தானே இல்லை, ஸார்!" என்றான் பையன், அழாக்குறையாக.

இல்லாமல் போனதே அவன் அதிர்ஷ்டம். 'இலவச வை-ஃபை' என்று போலிப் பெயர் வைத்து ஒருவன் அதே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதே எச்சரிக்கைதானே வரும்? அதை அமுக்கித் தள்ளப் பழகிய கை, அன்றைக்கும் அமுக்கித் தள்ளும். பாங்கு விலாசத்தை அழித்துவிட்டு, 'நெவர் எஸ்.எஸ்.எல். டாட் காம்' என்று தட்டச் சொன்னேன். வேண்டுமென்றே பூட்டுப் போடாமல் வைத்திருக்கும் தளம் அது. காப்போன் தாராளமாக மறிக்கலாம். மறித்தான், நுழைவுப் பக்கம் வந்தது, டெலிபோனில் எண் வந்தது. பணம் கட்டி முடித்தபோது பதினொரு நிமிஷம் பாக்கி.

கம்ப்யூட்டர்களே இந்த உபாயத்தை ரகசியமாகச் செய்கின்றன. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, இணைந்தவுடன் மைக்ரோஸாஃப்டின் ஒரு குட்டிக் கோப்பைக் கேட்டுப் பார்க்கும். ஆப்பிள் எதிர்பார்ப்பது 'சக்ஸஸ்' என்ற ஒற்றை வார்த்தை. பதில் மாறி வந்தால் வழியில் காப்போன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு நுழைவுப் பக்கத்தைத் திறந்துவிடும். வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தாலும், டி.என்.எஸ். எண்ணை நாமே கையால் எழுதி வைத்திருந்தாலும் இந்தச் சோதனை தடுமாறும். முன்னதை நிறுத்தி, பின்னதைத் தானியங்கிக்கு மாற்றி, வை-ஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காப்போனை உண்மை பேச வைக்கவும் முயன்றார்கள். கம்ப்யூட்டருக்கு விலாசம் வழங்கும்போதே நுழைவுப் பக்கம் இருக்குமிடத்தையும் சொல்லிவிடலாம் என்று 2015-ல் ஒரு முறை வகுத்து, அதற்கு 160 என்று இலக்கமிட்டார்கள். அந்த இலக்கத்தை ஒரு கம்பெனியின் டெலிபோன்கள் ஏற்கெனவே வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டிருந்தன! 2020-ல் 114 என்று மாற்றினார்கள். அந்த வருஷத்து ஐபோனும் ஆண்ட்ராய்டும் அதைப் புரிந்துகொண்டன. லாட்ஜுகளின் கூரையில் தொங்கும் பழைய பெட்டிகளுக்கு அந்தச் சங்கதியை யார் போய்ச் சொல்வது?