குரல் அறுவையின் வரலாறு

பருவ வயதில் தடித்த திருநங்கையரின் குரல் நாண் ஈஸ்ட்ரோஜனால் மெலிவதில்லை. 1974-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிக்கி, குரலின் சுருதியை உயர்த்தக் குரல்வளைக் குருத்தெலும்புகளை நெருக்கித் தைத்து நாணை இழுத்துக்கட்டும் முறையை விவரித்தார். பலருக்கு அந்த இறுக்கம் நாளடைவில் தளர்ந்தது. 1990-இல் ஜெர்மன் மருத்துவர் வெண்ட்லர், வாய்வழியே நாண்களின் முன்பகுதியை ஒன்றாகத் தைத்து, அதிரும் நீளத்தைக் குறைத்தார்.

கத்தியைவிடக் கடினமானது மீட்சி. முதல் நாள்களில் முழு மௌனம், பிறகு ஓரிரு சொற்கள், மாதக்கணக்கில் பயிற்சி. பலத்த இருமலே தையலைக் கெடுக்கலாம். கரகரத்த குரல் மெல்லத்தான் தெளியும். புளியறை போன்ற கேரள எல்லையோர ஊர்த் திருநங்கைக்குப் பயிற்சிக்கே நகரம் போய்வர வேண்டும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவை யார் ஏற்பது? தமிழகத்தில் 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்பு மத்தியச் சட்டம் காப்பீட்டுக்குரியவையாகப் பாலின மாற்று அறுவை, ஹார்மோன், லேசர் சிகிச்சைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. குரல் அறுவையின் பெயர் அதில் இல்லை. அதையும் சேர்ப்பதே நியாயம்.