நூலிழைப் பாலும் நுண்ணுயிரும்

பாலைத் தோய்த்துத் தயிராக்குதல் மனிதன் கைக்கொண்ட மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். பாலிலுள்ள இலற்றோசு என்னும் வெல்லத்தைப் பற்றீரியாக்கள் இலற்றிக்கமிலமாக மாற்ற, அவ்வமிலத்தாற் கேசின் என்னும் புரதம் திரண்டு உறைகின்றது என்பது மாணவரும் அறிந்த செய்தியே. ஆயின், இப்பற்றீரியாக்களுட் சில அமிலத்தை ஆக்குவதோடு நில்லாது, பசை போன்ற வேறொரு பொருளையும் தம் கலத்தினின்று வெளிவிடுகின்றன. அதனாலே தயிர் தடிப்புற்று, கரண்டியால் அள்ளுமிடத்து நூலாக இழுபடுகின்றது. ஓரிடத்திற் கேடெனத் தள்ளப்பட்ட இப்பண்பு மற்றோரிடத்திற் சிறப்பெனப் போற்றப்பட்டது. அதன் காரணம் முற்றும் துலங்குவதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் சென்றன.

இழுபடும் பாலைப் போற்றியவர்கள் ஐரோப்பாவின் வடபால் மக்களாவர். சுவீடனில் லோங்பீல் என்றும், நோர்வேயில் தெத்தெமெல்க் என்றும், பின்லாந்தில் வீலி என்றும் வழங்கும் தோய்பால்கள் இவ்வினத்தைச் சார்ந்தன. 1732இல் லாப்லாந்திற் பயணஞ்செய்த தாவரவியலறிஞர் லின்னேயசு, 1737இல் வெளியிட்ட லாப்லாந்துத் தாவர நூலில் இதனைக் குறித்துள்ளார். பிங்குயிக்குலா என்னும் பூச்சியுண்ணும் செடியின் இலைகளை வடிகட்டியில் இட்டு, கறந்த சூடாறாத பாலை அவற்றின்மீது ஊற்றி, ஓரிரு நாள் வைத்திருப்பர். பால் நீர் பிரியாது தடித்துவிடும். பின்னர் இலை வேண்டியதில்லை. அப்பாலில் அரைக் கரண்டி எடுத்துப் புதுப்பாலிற் சேர்ப்பின், அதுவும் அவ்வாறே ஆகும். எத்தனை முறை மாற்றினும் ஆற்றல் குன்றுவதில்லை என்பது அவர் கூற்று. நுண்ணுயிர்களே பாலை மாற்றுகின்றன என்பதை எவரும் அறியாத அக்காலத்தில், உறைமோரின் வழிவழித் தொடர்ச்சியைத் தெளிவாகக் காட்டும் குறிப்பு இதுவாகும்.

இதே பண்பு பிற தொழில்களிற் பெருந்தொல்லையாக விளங்கிற்று. முந்திரிகை மதுவும் பியரும் சிலவேளைகளில் எண்ணெய்போற் குழைந்து கெட்டன. சீனித் தொழிற்சாலைகளிலோ பீற்றுக் கிழங்கின் சாறு தவளை முட்டைத் திரள்போல் உறைந்து குழாய்களை அடைத்தது. இத்தகைய பிசுபிசுப்பும் ஒருவகை நொதித்தலே என்றும், அதற்குத் தனி நுண்ணுயிரே காரணம் என்றும் லூயி பாஸ்ரர் 1861இல் எடுத்துக்காட்டினார். அப்பசைக்கு 1874இல் செய்ப்ளர் தெக்ஸ்திரன் எனப் பெயரிட்டார். 1878இல் வன் தீகெம் அதனை ஆக்கும் பற்றீரியாவுக்கு லியூக்கொனொஸ்தொக் என்னும் பெயரை வழங்கினார். தொழிற்சாலையினர் வெறுத்த இத்தெக்ஸ்திரன், 1940களிற் சுவீடனின் உப்சாலா நகர் ஆய்வாளரால் குருதித் திரவவிழையத்துக்கு மாற்றுப்பொருளாக ஆக்கப்பட்டுப் பல உயிர்களைக் காத்தது.

பாற்றொழிலிலும் இவ்விரு முகங்களும் காணப்பட்டன. காய்ச்சாத பால் விற்பனையாளரிடத்து இழுபட்டதாயின் அது வாங்குவாரற்றுக் கொட்டப்பட்டது. இக்கேட்டைப் பெரும்பாலும் விளைத்தவை நீரினின்று பாலிற் புகுந்த வேறு பற்றீரியாக்களாம். ஆயின் ஒல்லாந்தரோ, இழுபடும் பால்நீரை ‘நீண்ட நீர்’ எனப் பெயரிட்டு, ஈடம் பாற்கட்டி செய்வதற்கு உறையாகவே பயன்படுத்தினர். வேண்டாத நொதித்தலை அது தடுத்தமையே அதற்குக் காரணமாகும்.

பாலைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாவை முதன்முதல் தனியாகப் பிரித்து வளர்த்தவர் யோசேப்பு லிஸ்ரர். சத்திரசிகிச்சையிற் கிருமியழிப்பு முறையைக் கண்ட அப்பெரியார், 1878இல் இதனை வெளியிட்டார். 1890இல் டென்மார்க்கின் ஸ்தோர்க் வெண்ணெய்த் தொழிலுக்குத் தூய உறைகளை அளித்தார். நோர்வே அறிஞர் சொப் 1912இல் தெத்தெமெல்க்கைப் பற்றி விரிவாக எழுதினார். 1919இல் ஓர்லா யென்சன் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்களை முறையாக வகைப்படுத்தினார். இவர்கள் முயற்சியால், பாலை இழைக்கும் ஆற்றல் இலையிலன்று, உறையில் வாழும் பற்றீரியாவிலேயே உள்ளது என்பது நிலைநாட்டப்பட்டது.

அப்பசைப்பொருள் யாது? அது வெல்ல மூலக்கூறுகள் பல கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலியாகும். தெக்ஸ்திரன் கரும்புவெல்லத்திலிருந்து கலத்துக்குப் புறத்தே நொதியமொன்றால் ஆக்கப்படுவது. அதில் குளூக்கோசு ஒன்றே உண்டு. பாலிற் கரும்புவெல்லம் இல்லையாதலின், அங்கு நிகழ்வது வேறு. பற்றீரியா இலற்றோசை உட்கொண்டு அதன் பெரும்பகுதியை அமிலமாக்கிச் சத்தியைப் பெறுகின்றது. சிறுபகுதியைக் குளூக்கோசு, கலற்றோசு, சிலபோது ரம்னோசு ஆகியவற்றின் சிறு கோவைகளாக மென்சவ்விலே தொடுத்து, அக்கோவைகளை ஒன்றோடொன்று இணைத்து வெளியே அனுப்புகின்றது. ஒரு இலீற்றர் பாலில் இது பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவே. அத்துணைச் சிறிய அளவு அத்துணைப் பெரிய தடிப்பை விளைப்பது எங்ஙனம்? அமிலத்தால் உறைந்த கேசின் ஒரு வலைபோல் நிற்க, அவ்வலைக் கண்களை இச்சங்கிலிகள் நிரப்பி நீரைப் பற்றிக்கொள்கின்றன. தயிரிலிருந்து நீர் பிரிவது இதனாற் குறைகின்றது. தடிப்பைத் தீர்மானிப்பது அளவு மட்டுமன்று. சங்கிலியின் நீளம், விறைப்பு, புரதத்தோடு அது இணையும் தன்மை ஆகியனவுமாம்.

இவ்வாற்றல் நிலையானதன்று. ஆய்வுகூடத்தில் மீண்டும் மீண்டும் மாற்றி வளர்க்குமிடத்தும், வெப்பம் மிகுமிடத்தும், நன்கு இழைந்த உறை திடீரென ஆற்றல் இழப்பதை அறிஞர் கண்டனர். காரணம் 1980களிற் புலனாயிற்று. தோய்பாற் பற்றீரியாக்கள் சிலவற்றில் இவ்வாற்றலுக்குரிய பரம்பரையலகுகள் நிறமூர்த்தத்தில் இல்லாது, பிளாசுமிட்டு என்னும் தனி வளையத்தில் உள்ளன என வேதமுத்துவும் நெவிலும் 1986இல் அறிவித்தனர். கலம் பிரியும்போது அவ்வளையம் தவறுமாயின் ஆற்றலும் அழியும். 1997இல் ஒல்லாந்து ஆய்வாளர் அவ்வலகுகளின் தொகுதியையே எடுத்துக்காட்டினர். வடநாட்டு இல்லத்தரசியர் குளிர்ந்த அறையிற் பாலைத் தோய்த்து, நன்கு இழைந்த கலத்திலிருந்தே மறுநாளைக்கு உறை எடுத்தமை, அறியாமலே அவ்வளையத்தைக் காத்த செயலாயிற்று.

இன்று இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. தொழிற்சாலைத் தயிர் நீர்விடாதிருக்கும்பொருட்டு மாப்பொருளும் செலற்றினும் சேர்க்கப்படுவதுண்டு. செலற்றின் விலங்குகளின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுக்கப்படுவதாதலின், சைவ உணவினர்க்கு அது ஏலாது. பசையாக்கும் பற்றீரியாவை உறையாகக் கொள்ளின், பால் தன் உறையினாலேயே தடிப்பைப் பெறும். கொழுப்புக் குறைந்த தயிரும் பாற்கட்டியும் மென்மை குன்றாதிருக்கும். ஆதலின், தொழிலகங்கள் இத்தகைய பற்றீரியாக்களைத் தேடித் தெரிந்து கையாள்கின்றன. அவற்றுட் பல, பெயரறியா ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கலத்திற் கலம் மாற்றிக் காத்துத் தந்தவை. அவ்வுறைகள் அழியுமுன் அவற்றைத் திரட்டிப் பேணுதல் அறிவியலாரின் கடனாகும்.